முறுமுறுப்பும் முறையீடும்

அன்புள்ள நண்பா,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். வேலை போய் எட்டு மாதம் ஆகிறது, முழங்காலில் நின்றால் ஜெபத்துக்குப் பதில் கோபம்தான் வருகிறது, அதைச் சபையில் ஒருவரிடம் சொன்னால் "விசுவாசம் குறைந்துவிட்டது" என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வேதத்தில் முறுமுறுப்பு வேறு, முறையீடு வேறு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் செய்தது முறுமுறுப்பு. தங்கள் கூடாரங்களுக்குள் உட்கார்ந்துகொண்டு தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். சங்கீதங்களைப் பாடிய தாவீது ராஜா செய்தது முறையீடு. அதைவிடக் கடுமையான வார்த்தைகளை அவன் தேவனிடமே நேராகச் சொன்னான். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தான். துதிப்பாடல்கள் இருக்கும் அதே புத்தகத்தில்தான் இவையும் இருக்கின்றன. கோபத்தோடாவது நீ அவரிடம் போகிறாயே, அதற்குப் பெயர் விசுவாசக் குறைவு அல்ல.

ஆனால் கோபத்தைக் கொட்டிவிட்டு எழுந்துவிட்டால் அதே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருப்பாய். முறையீட்டுக்கு ஓர் அமைப்பு உண்டு. 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான்: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர், எதுவரைக்கும் எனக்குள்ளேயே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன், எதுவரைக்கும் சத்துரு உயர்ந்திருப்பான். அடுத்த இரண்டு வசனம் விண்ணப்பம். கடைசி இரண்டில் பேச்சு நம்பிக்கைக்கும் பாட்டுக்கும் திரும்புகிறது.

ஒரு நோட்டை எடுத்து இதே வரிசையில் எழுது. பதினைந்து நிமிடம் போதும். முதலில் உன்னுடைய "எதுவரைக்கும்"கள். "கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதாதே, எது என்று எழுது. அடுத்து விண்ணப்பம். பலரும் சறுக்குவது இங்கேதான். "உம்முடைய சித்தம்போல ஆகட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே அந்த வார்த்தைக்கு முன்னால் இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கட்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். ஆகவே நீயும் கேள்: புதன்கிழமை நேர்காணலில் நாக்கு குழறாமல் பேச வேண்டும், இந்த மாதத் தவணைக்கு வழி வேண்டும். ஏன் வேண்டும் என்பதையும் சொல். தாவீதும் "மரணநித்திரை அடையாதபடிக்கு" என்று காரணத்தோடுதான் கேட்கிறான்.

கடைசிப் பகுதிக்கு அவசரப்படாதே. நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் தாவீதின் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை. சத்துரு போகவில்லை. "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால்" என்று பழைய கணக்கைப் பார்த்துத்தான் பாடுகிறான். நீயும் அவர் செய்த ஒரு நன்மையை எழுது, ஒன்று போதும். அதுவும் வராத நாள் இருக்கும். அன்றைக்கு 88ஆம் சங்கீதம். அதில் திருப்பமே கிடையாது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் யாரோ தொகுத்து ஆராதனைக்கென்று வைத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஆச்சரியம். அதைப் பாடியவனிடம் மிச்சம் இருந்தது முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைத்த அழைப்பு மட்டும்தான்.

தாங்க முடியாததைத் தேவன் தரமாட்டார் என்று உனக்குச் சொன்னார்களாமே. 1 கொரிந்தியர் 10:13ஐ மனதில் வைத்துச் சொல்கிறார்கள். தமிழில் "சோதனை" என்ற ஒரே சொல் துன்பத்துக்கும் பாவத் தூண்டுதலுக்கும் வருவதால் இந்தக் குழப்பம். அந்த அதிகாரத்தில் முந்தின வசனங்களைப் பார், விக்கிரக ஆராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு என்றுதான் பேச்சு போகிறது. துன்பத்தைப் பற்றி அதே பவுல் 2 கொரிந்தியர் 1:8இல் எழுதியது, "எங்கள் பலத்திற்கு மிஞ்சின" பாரம், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று. அடுத்த வசனத்தில் காரணமும் தருகிறான்: தங்கள்மேல் நம்பிக்கை வைக்காமல் மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் வைக்க. நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கிற எரேமியா 29:11உம் இப்படித்தான், வசன அட்டைகளில் தனியே நிற்கிறது. அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், அதன் தொடக்கத்தில் அவர்களுக்குச் சொல்லியிருப்பது, வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள் என்று. காத்திருப்பது என்றால் கைகட்டி உட்காருவது இல்லை. வேலைக்கு விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டே இரு.

இன்னொன்று, உன் தூக்கம். இரவு மூன்று மணிவரை விழித்திருக்கிறேன் என்கிறாய். 1 இராஜாக்கள் 19இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டு மறுபடியும் தூங்கினான், தூதன் மறுபடியும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கப்புறம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலை சேர்ந்த பிறகுதான் வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே தூக்கமில்லை என்றால் மருத்துவரைப் பார். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதே, அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல், மருத்துவரிடம் போ. இதை அவிசுவாசம் என்பவரிடம் எலியாவின் அடையைக் காட்டு.

உன்னைக் கண்டித்த சகோதரரை ரொம்பவும் நொந்துகொள்ளாதே. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டுப்போனது. முடிவில் தேவன் யோபுதான் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசினான் என்கிறார், அத்தனை முறையிட்ட யோபு!

கெத்செமனேயில் இயேசு மூன்று பேரைக் கூட வரச் சொன்னார், அவர்கள் தூங்கிப்போனார்கள். நான் தூங்காமல் இருக்கப் பார்க்கிறேன். வார்த்தை வராத நாளில் உன் "எதுவரைக்கும்" வரிகளை மட்டும் எனக்கு எழுதி அனுப்பு. மீதி வசனங்களை உனக்காக நான் வாசிக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்