மெர்லயனின் முதுகுப் பக்கம்

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்து வரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சென்ற டிசம்பரில் என் அத்தை காரைக்குடியிலிருந்து உங்களில் ஒருவருடைய குழுவோடு இங்கே வந்தார். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை முன்னால் இருபது நிமிடம். அதற்குள் படம் எடுத்து, கழிப்பறைக்குப் போய்விட்டு, பஸ் ஏறிவிட வேண்டும். மறுநாள் ஒரு சாக்லேட் கடையில் மட்டும் ஒன்றரை மணி நேரம். யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. மூன்று நான்கு நிறுவனங்களின் பயணத்திட்டங்களை வாங்கிப் பார்த்தேன், எல்லாம் ஒரே அச்சு.

மெர்லயன் மீது எனக்குக் கோபம் இல்லை. 1972-இல் திறந்த சிலை, 2002-இல் இப்போதைய இடத்துக்கு நகர்ந்தது, தண்ணீர் துப்புகிறது. அதன் முதுகுப் பக்கமாகக் கொஞ்சம் நடக்கவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சில நிமிட நடையில் கேவனா பாலம் வந்துவிடும். 1869-இல் கட்டியது, குதிரையும் மாடும் இதில் போகக் கூடாது என்று சொல்லும் பழைய பலகை இன்னும் அங்கேயே நிற்கிறது. பாலத்தைக் கடந்தால் ஆசிய நாகரிக அரும்பொருளகம். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998-இல் கண்டெடுத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. கடலுக்கடியிலிருந்து எடுத்தவை ஏறக்குறைய 60,000 பீங்கான் பொருட்கள். அந்தக் கப்பலின் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை, கயிற்றால் தைத்திருந்தார்கள், நம் கரையோர மசூலாப் படகுகளைப் போல.

அடுத்தது பாடாங் திடல். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, ‘டெல்லி சலோ’ என்று முழங்கிய இடம். அந்தப் படையில் மலாயாத் தோட்டத் தொழிலாளர்களான தமிழர்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள்! கடலோரத்தில் எழுப்பிய அவர்களின் நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த ஆங்கிலேயர் இடித்தார்கள். இன்று அங்கே 1995-இல் வைத்த நினைவுப் பலகை இருக்கிறது. உங்கள் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. வழிகாட்டி அந்த நேரத்தில் சாக்லேட் தள்ளுபடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம்.

குழுவுக்கு ஓய்வு கொடுத்த கடைசி மாலையில் அத்தையை நானே கூட்டிப் போனேன். திடலுக்குச் சற்றுத் தள்ளி செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், வெள்ளை வெளேரென்று. இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவந்த கைதிகளின் உழைப்பில் எழுந்து, 1862-இல் அருட்பொழிவு பெற்றது. சுவர்ப்பூச்சுக்கு ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்றே பெயர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் என்று நான் சொல்லிக்கொண்டே போக, அத்தை இடைமறித்தார்.

“இதை எனக்குச் சொல்கிறாயா? எங்கள் வீட்டு வளவுச் சுவரில் முட்டை இல்லையா?”

பிறகு அவர்தான் பேசினார். எத்தனை நாள் அரைப்பார்கள், எந்தக் கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள், கொத்தனார் பேரன் இப்போது சிமெண்டைத் தவிர வேறொன்றும் அறியாதது. ஐந்து நாள் பயணத்தில் அவர் பிறர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வாய் திறந்து பேசியது அந்தச் சுவருக்கு முன்னால்தான்.

நான் கேட்பது ஒரு காலைப்பொழுது. ஆட்களை மெர்லயனில் இறக்கிவிட்டு, தேவாலய வாசலில் ஏற்றிக்கொள்ளுங்கள். வயதானவர்கள் நடப்பார்களா என்பீர்கள். மொத்தத் தூரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடலாம், அவ்வளவுதான். வெயில் ஏறும் நேரத்தில் குளிரூட்டிய அரும்பொருளகத்துக்குள் இருப்பார்கள். கடைக்காரர் தரும் கமிஷனும் உங்கள் கணக்கில் இருக்கிறது என்பதை அறிவேன். கடையை எடுத்துவிடச் சொல்லவில்லை, ஒரு மணி நேரத்தைக் குறையுங்கள்.

அத்தை மார்ச்சில் மறுபடி வருகிறார், தங்கையையும் அழைத்துக்கொண்டு. உங்கள் குழுவில் பதிவு செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து ஒரு மருமகன்