கோல்மனின் முழங்கால்

மெல்பேர்ண்

அன்பு மகளுக்கு,

நேற்று உன் முழங்கால் காயத்தைப் பற்றிக் கதைக்கும்போது "எல்லாம் முடிஞ்சுது அப்பா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. போனில் சொல்ல வராததை எழுதுகிறேன், பொறுமையாக வாசி பிள்ளை.

எஸெண்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிர்வீட்டு ஐயாவை உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு முதல் பந்து வாங்கித் தந்தவர். ஃபூட்டி, அதுதான் இந்த அவுஸ்திரேலியக் காற்பந்து, என்றால் என்னவென்றே தெரியாத எனக்கு எஸெண்டன் அணியின் ஜோன் கோல்மனைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். எத்தனை தரம் சொன்னாலும், 1954க்கு வந்ததும் அவருக்குக் குரல் அடைத்துவிடும்.

கோல்மன், ஹேஸ்டிங்ஸ் என்ற சின்ன ஊரில் ஆடிக்கொண்டிருந்த பெடியன். 1949இல் எஸெண்டனுக்காக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே ஹோதோர்னுக்கு எதிராக 12 கோல். அந்த வருஷத்து 100ஆவது கோலை, கார்ல்டனை வென்ற இறுதியாட்டத்தில் அடித்தார். அடுத்த வருஷம் 120. மற்றவர்களின் தோளுக்கு மேலால் எழும்பி மார்க் எடுப்பாராம், அதாவது உதைத்து வரும் பந்தை நிலத்தில் விழமுன் பிடிப்பாராம். எம்சிஜி மைதானத்துக்கு வெளியே இருக்கிற அவருடைய சிலையடியில் நீயும் நானும் நின்றிருக்கிறோம்.

1951இல், இறுதிச்சுற்றுகளுக்கு முந்திய கடைசி ஆட்டம். கார்ல்டன்காரர் ஒருவர் அடிக்க, இவர் திருப்பி அடித்தார். இவருக்கும் நான்கு ஆட்டத் தடை. விசாரணை முடிந்து அழுதுகொண்டே வெளியே வந்தார். அவர் இல்லாத இறுதியாட்டத்தில் எஸெண்டன் ஜீலோங்கிடம் 11 புள்ளியால் தோற்றது. முதலில் அடி வாங்கியவனுக்கும் ஏன் அதே தண்டனை என்று எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

பிறகு 1954. ஒரு கிழமை ஃபிட்ஸ்ரோய்க்கு எதிராக 14 கோல். அடுத்த கிழமை நோர்த் மெல்பேர்ணோடு ஆடும்போது முழங்கால் விலகிவிட்டது. வயது 25. சத்திரசிகிச்சை செய்தார்கள், திரும்பி வரப் பார்த்தார், கால் விடவில்லை. மொத்தம் 98 ஆட்டம், 537 கோல்.

1961இல் அதே எஸெண்டனுக்குப் பயிற்றுநராக வந்தார். 1962லும் 1965லும் கிண்ணம் எடுத்துக் கொடுத்தார். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்றால் இடையில் போன அந்த ஏழு வருஷம்தான் நேற்று முழுக்க மனதில் ஓடியது. சனிக்கிழமை பின்னேரங்களில் மற்றவர்கள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு அந்த மனுஷன் எப்படி இருந்திருப்பார்? நீ இப்போது கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிற மாதிரித்தானே. 44 வயதில், 1973இல் அவர் இறந்துபோனார். 1981 முதல், இறுதிச்சுற்றுகளுக்கு முந்திய ஆட்டங்களில் ஆகக் கூடக் கோல் அடிக்கிறவருக்குக் கொடுக்கிற பதக்கத்துக்கு அவருடைய பெயர்.

உன்னுடைய ஏசிஎல்லுக்கு, முழங்காலுக்குள் இருக்கிற அந்த இணைப்பு நாருக்கு, தொடையிலிருந்து தசைநார் எடுத்து வைத்துத் தைக்க டொக்டர் இருக்கிறார். கோல்மனுக்கு அது கிடைக்கவில்லை. ஒன்பது மாதம் என்றால் ஒன்பது மாதம் இரு. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. கெதியாக ஓட வெளிக்கிடாதே. பிறகும் கால் விடாவிட்டால், அதைப் பற்றி அப்போது கதைப்போம். இப்போது அழ வேண்டுமென்றால் அழு. கோல்மனும் அழுதவர்தான்.

இன்னொன்று. நான் உன் ஆட்டம் பார்க்க வந்த நாளெல்லாம், நீ மார்க் எடுக்க எழும்பினால் கண்ணை மூடிவிடுவேன். விழுந்துவிடுவாய் என்ற பயம். சனம் கை தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பேன். ஆறு வருஷமாக நீ மார்க் எடுத்ததை நான் ஒருதரமும் பார்க்கவில்லை பிள்ளை. இதை உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா பேர்த்துக்கு வருகிறா. இரண்டு கிழமை நிற்பா. போன வருஷ அரையிறுதியில் நீ எடுத்த மார்க்கின் வீடியோவை எனக்கு அனுப்பிவிடு. இந்தமுறை கண்ணைத் திறந்து பார்க்கிறேன்.

அன்புடன்
அப்பா