தொரட்டியில் கயிறு கட்டும் இடத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்

தோட்டக் கருவி செய்யும் நிறுவனத்தாருக்கும், உயரத்துக் கொப்பை இழுத்து அறுக்க நீளக் கம்பின் நுனியில் கட்டும் தொரட்டி அரிவாள் அடிக்கும் பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் அனுப்பும் அலகில் எனக்குப் பெரிய குறை இல்லை. இரும்பும் நன்றாக இருக்கிறது, சாணையும் நன்றாக இருக்கிறது. அலகைக் கம்போடு பிணைக்கும் இடமும், கயிற்றை மாட்டும் இடமும்தான் வம்பு. அதை வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறீர்கள். ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து புது அரிவாளுக்குக் கட்டுப் போட்டுத் தருவதும், அறுந்த கயிற்றை மாற்றித் தருவதும் என் பிழைப்பு. வேறு கருவி பழுதானால் வேலை நிற்கும், அவ்வளவுதான். இதில் கட்டு விட்டால் அலகு தலைக்கு மேலிருந்து வரும். அதற்கு நேர் கீழே ஓர் ஆள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

முதலில் முருங்கைக்காய் பறிக்கவும் ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும் வைத்திருக்கும் சாதாரணத் தொரட்டி. அரிவாளின் வாலை, அதாவது அலகுக்குப் பின்னால் நீளும் இரும்பை, மூங்கிலின் பக்கவாட்டில் வைத்துச் சுற்றிக் கட்டுவதுதான் வழக்கம். கொப்பில் மாட்டி இழுக்கும்போது கம்பு கீழே வருகிறது, அரிவாள் கொப்போடு நின்றுவிடப் பார்க்கிறது. ஆகவே ஒவ்வொரு இழுப்பிலும் கட்டு நுனியை நோக்கி நழுவும். மூங்கில் வழுவழுப்பு, அதைத் தடுக்கக் கணு ஒன்றுதான் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் நுனியில் ஒரு கணு மிஞ்சும்படி கம்பை வெட்டி, அதற்குக் கீழே கட்டுப் போடுவார்கள். வால் முனையை மடக்கி, மூங்கிலில் துளை போட்டு உள்ளே இறக்குகிறவர்களும் உண்டு. அப்படி இறக்கியிருந்தால் கட்டு தளர்ந்தாலும் அரிவாள் ஆடிக் காட்டும், உடனே கழன்று விழாது. எனக்குப் பிடித்த முறை இதுதான்.

எதை வைத்துக் கட்டுவது என்பதும் லேசான விஷயமில்லை. பச்சை மூங்கில் காயக் காயச் சுருங்கும். இறுக்கிக் கட்டிய கட்டு தானாகவே தொளதொளவென்று ஆகிவிடும். தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் விட்டுக்கொடுக்கும். நைலான் வழுக்கும். கட்டுக்கம்பி ஒரு தடவை நெகிழ்ந்தால் நெகிழ்ந்ததுதான். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக அரிந்து, நன்றாக இழுத்துப் பிடித்துச் சுற்றினால், மூங்கில் சுருங்கும்போது ரப்பரும் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். காசில்லாத சரக்கு, ஆனால் என் ஓட்டு அதற்குத்தான். வெயிலில் கிடந்தால் வெடித்துவிடும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பட்டறைக்காரர்களே, வாலை நேராகத் தட்டி அப்படியே விட்டுவிடாதீர்கள். முனையில் ஒரு மடிப்பு, விளிம்பில் கட்டு உட்கார இரண்டு பள்ளம், ஆணியோ கம்பியோ போக ஒரு துளை. உட்புறத்தைக் கொஞ்சம் குழிவாக அடித்தால் மூங்கிலோடு ஒட்டி உட்காரும், கொப்பில் மாட்டித் திருகும்போது அரிவாள் கம்பைச் சுற்றி ஓடாது. உலைச் சூடு இருக்கும்போதே முடிகிற வேலை. அதற்காக விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் நான் விற்றுத் தருகிறேன்.

அப்புறம், கீழிருந்து கயிறு இழுத்து வெட்டும் நீளக் கத்தரி. இது நிறுவனத்தாருக்கு. 25 முதல் 32 மி.மீ. வரை கனமான கொப்பை வெட்டும் என்று பெட்டியில் போடுகிறீர்கள், சரி. அந்தப் பலமெல்லாம் போய்ச் சேருகிற இடத்தைப் பாருங்கள். நெம்புகோல் தகட்டில் குத்தி எடுத்த துளை, ஒரு பக்கம் பிசிறு. விரல் வைத்தாலே கீறும். கயிற்றை நேராக அதில் கோத்து முடிச்சுப் போட்டு அனுப்புகிறீர்கள். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு, சிலதில் பாதிகூடப் போய்விடும். மிஞ்சியதைப் பிசிறு அறுத்துவிடுகிறது. துளையின் விளிம்பை மழுக்கி ஒரு கண்வளையம் பதியுங்கள். அதைவிட நல்லது, ஒரு சின்ன ஷேக்கில் (கழற்றி மாட்டுகிற இரும்புக் கொளுவி) மாட்டிக் கயிற்றை அதில் கட்டுவது, மாற்றுவதும் சுலபம்.

முடிச்சும் பார்த்துப் போட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் இந்தக் கயிறு தளர்ந்து தொங்கும். இழுவை இருந்தால் மட்டும் நிற்கிற முடிச்சு, விறைப்பான செயற்கை இழைக் கயிற்றில் ஆடி ஆடியே அவிழ்ந்துவிடும். எட்டு வடிவ முடிச்சில் கண் போட்டு, வாலை நீளமாக விடுங்கள். கப்பியின் பக்கத்தில் இருக்கும் இடுக்கு கயிற்றின் கனத்தைவிடச் சின்னதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கயிறு சக்கரத்தை விட்டு இறங்கி அங்கே மாட்டிக்கொள்ளும். ஆள் இன்னும் பலமாக இழுப்பார், அறுந்துவிடும்.

நைலான் இழுத்தால் நீளும், நனைந்தால் வலுவும் குறையும். சாதா பாலிபுரொப்பிலீன் வெயிலில் பொடிந்து உதிரும். பின்னல் பாலியெஸ்டர் கயிறு போட்டால் இழுத்த இழுப்பு அலகுக்குப் போய்ச் சேரும். பின்லாந்தின் பிஸ்கர்ஸ் 1649இல் தொடங்கிய பழைய கம்பெனி. அவர்கள் இழுவையைக் கம்பின் குழாய்க்குள்ளேயே ஓடவிட்டுக் கத்தரி செய்திருக்கிறார்கள். கொப்பில் சிக்காது, நல்ல யோசனைதான். ஆனால் உள்ளே அறுந்தால் என் கடை மேசையில் வைத்துப் பிரிப்பது பெரும்பாடு. நம் ஊருக்கு வெளியே ஓடும் கயிறே போதும்.

கயிற்றின் கீழ்முனையை வெறுமனே விடாதீர்கள். பிடி இல்லையென்றால் கையில் சுற்றிக்கொண்டுதான் இழுப்பார்கள். வெட்டுப்பட்ட கொப்பு கயிற்றின் மேல் விழுந்தால் கையையும் சேர்த்து இழுத்துப் போகும். ஒரு சாண் மரக்கட்டை கோத்தால் தீர்ந்தது. அலுமினியக் கம்பு மின்கம்பிக்குப் பக்கத்தில் போகக் கூடாது, நனைந்த கயிறும் மின்சாரம் கடத்தும் என்பதைப் படம் போட்டுத் தமிழில் கம்பிலேயே ஒட்டுங்கள். பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை.

மாற்றுக் கயிற்றின் கனத்தையும் நீளத்தையும் நெம்புகோலில் பொறித்து அனுப்பினால், அளவு தெரியாமல் கையில் கிடைத்த கொடிக்கயிற்றைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போவது குறையும். அடுத்த லோடிலிருந்தாவது செய்யுங்கள்.

இப்படிக்கு,
கயிறு மாற்றித் தரும் ஒரு ஹார்டுவேர் கடைக்காரன்