குருத்தைப் பிரித்துப் பார்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். போன் அடித்தால் சுவிட்ச் ஆஃப் என்றே வருகிறது. தோட்டத்தில் டவர் கிடைக்காது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் தீபாவளி அன்றைக்காவது கிணற்று மேட்டில் ஏறி நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். உனக்கு எடுத்த வேட்டி சட்டையில் அம்மா மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள், இன்னும் அங்கேயே இருக்கிறது. சரி, அதை விடு.

மக்காச்சோளம் இருபது நாள் பயிராகியிருக்கும். காலையில் வெயில் ஏறுமுன்னே போய்க் குருத்தைப் பிரித்துப் பார். உள்ளே மரத்தூள் மாதிரி ஈரமாகக் கிடந்தால் படைப்புழு. 2018-ல் வந்த சனியன் அது, சித்தப்பா நாலு ஏக்கரையும் அறுத்து மாட்டுக்குப் போட்டது உனக்குத் தெரியும். வரப்பில் நின்று பார்த்தால் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும், அதில்தான் ஆள் ஏமாந்துபோவான். ராத்திரி பன்றி விரட்டப் போனால் டார்ச் லைட் இல்லாமல் கால் வைக்காதே.

வேலையை விடும்போது நீ ஒன்று சொன்னாய், தாத்தா நிலத்தில் உட்கார்ந்தால்தான் நாவல் வரும், எழுத்தாளர் கி.ரா.வும் விவசாயம் பார்த்த சம்சாரிதானே என்று. எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை, ஒன்றரை வருஷம் கழித்து இப்போதுதான் வருகிறது. அவர் ஊர் இடைசெவல் நமக்கு சைக்கிள் மிதிக்கிற தூரம். அவர் எழுதுவதற்காக நிலத்துக்குப் போனவர் இல்லை. பள்ளிப் படிப்பு ஏழோடு எட்டோடு நின்று, காசநோயில் கிடந்து எழுந்து, விவசாயிகள் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போய் வந்தவர். முதல் கதை 1958-ல் சரஸ்வதி பத்திரிகையில் வந்தபோது முப்பத்தைந்து வயசு. கோபல்ல கிராமம் நாவல் 1976-ல். உழவு, விதைப்பு, களை எல்லாம் முடிந்து அப்புறம்தான் காகிதம். உனக்கு முப்பத்தேழுதான், காலம் போய்விட்டது என்று சொல்லவில்லை, அவசரப்படாதே என்றுதான் சொல்கிறேன். இன்னொன்று, அவர் பக்கத்தில் மனைவி கணவதி அம்மாள் இருந்தார்கள், அறுபது வருஷத்துக்கு மேல். மருமகள் கோடை லீவுக்கு ராஜபாளையம் போனவள். பாப்பாவை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது என்று யாரோ சொன்னதாக அம்மா சொன்னாள். நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொடாதே.

போன மாசம் பத்திரிகையில் வந்த உன் கதையை மூன்று பிரதி வாங்கினேன், கடைக்காரர் என்ன சார் விசேஷம் என்றார், என் மகன் என்றேன். வீட்டுக்கு வந்து படித்தால் மாடு கட்டிக் கமலை இறைக்கிற இடத்தில் வடமும் வால்கயிறும் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறாய். தண்ணீர் மொள்ளுகிற சாலைத் தூக்குவது வடம், அதன் தோல் வாயான தும்பியை இழுப்பது வால்கயிறு. கரிசல் வட்டாரத்துக்கு அகராதியே போட்ட மனுஷனுக்குப் பக்கத்து ஊர்க்காரன் நீ, இதில் தப்பு வரலாமா? மற்றபடி கிழவி சாகிற இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றி வைக்க வேண்டியதாகிவிட்டது.

எழுத்தாளர் கு. அழகிரிசாமியும் இடைசெவல்தான், கூட்டாளிகள் இரண்டு பேரும். அவர் ஊரை விட்டுச் சென்னைக்குப் போய் எழுதினார். 1970-ல் போய்ச் சேர்ந்துவிட்டார், அதற்கப்புறம்தான் சாகித்ய அகாதெமி விருது கொடுத்தார்கள். ரொம்ப காலம் ஊரிலேயே கிடந்த கி.ரா.வுக்கு 1991-ல் கொடுத்தார்கள். ஆகையால் நிலத்தில் இருந்தாலும் எழுதலாம், விட்டாலும் எழுதலாம், நீ ராஜபாளையத்தில் இருந்துகொண்டுகூட எழுதலாம் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அழகிரிசாமி போட்ட கடிதங்களை கி.ரா. பத்திரமாக வைத்திருந்து புத்தகமாகக் கொண்டுவந்தார் என்று எழுத வந்தவன் நிறுத்திவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். நானும் ஒரு கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

2008. நீ இரண்டாம் வருஷம், இரண்டு அரியர். ஒரு சிற்றிதழிலிருந்து உன் பேருக்கு இன்லண்ட் லெட்டர் வந்தது, நான் பிரித்துவிட்டேன். கதை நன்றாக இருக்கிறது, கடைசிப் பக்கத்தைக் குறைத்து அனுப்புங்கள், போடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். செமஸ்டர் முடியட்டும் என்று பீரோவில் கரண்ட் பில் கட்டுக்குள் வைத்தேன். அந்த லீவு முழுக்க நீ திண்ணையில் உட்கார்ந்து தபால்காரர் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள், எனக்கு ஏதும் தபால் வந்ததாப்பா என்று கேட்டாய், இல்லை என்றேன். அப்புறம் நீ கேட்கவும் இல்லை, பத்து வருஷம் எழுதவும் இல்லை. செமஸ்டர் முடிந்தும் நான் கொடுக்கவில்லை. பயம்தான் தம்பி, வேறென்ன. நான் அந்த நிலத்துக்குப் பயந்து ஓடிவந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன், என் பிள்ளை சம்பளம் இல்லாத இன்னொன்றில் போய் விழுந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். இன்றைக்கு நீ இரண்டிலும் சேர்த்து விழுந்து கிடக்கிறாய். பதினேழு வருஷம் முன்னால் அந்த ஒரு பக்கத்தைக் குறைத்து அனுப்பியிருந்தால் வேலை பார்த்துக்கொண்டே எழுதியிருப்பாயோ என்னவோ, இப்படி ஒரேயடியாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்க மாட்டாயோ என்று ராத்திரி தோன்றுகிறது.

அம்மா சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறாள். வேட்டி சட்டை, முறுக்கு, ஒரு டார்ச் லைட், அந்த லெட்டர், எல்லாம் ஒரே பையில் இருக்கும். பதினொரு மணிக்கு ஊர் விலக்கில் வண்டியோடு நில், முழங்கால் வலியோடு அவளை நடக்க விடாதே. லெட்டர் விஷயம் அவளுக்கும் தெரியாது.

அப்பா