அம்மாவைத் தூக்கிய கைகளுக்கு

கேரளத்து இடுக்கி மலையிலுள்ள கட்டப்பனை செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கும், வண்டன்மேட்டு ஜீப் தம்பிகளுக்கும், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஜனங்களுக்கும் வணக்கம்.

போன ஆடி மழையில் அம்மா லயத்துப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 71. ஏலத்தோட்டத்தில் குனிந்து குனிந்தே காய் எடுத்த உடம்பு, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் அப்போது மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் ஊரில் இருந்தேன். போன் வந்து, பஸ் பிடித்து, மெட்டு மலைப்பாதை ஏறிப் போய்ச் சேர்வதற்குள் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். பிள்ளை செய்ய வேண்டியதை எல்லாம் நீங்கள் செய்து முடித்திருந்தீர்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் தன் வீட்டுக் கதவையே கழற்றிக் கொண்டுவந்து, இடுப்பு மடங்காமல் அம்மாவை அதில் படுக்க வைத்தாராம். நான்கு பேர் சேறும் சறுக்கலுமான பாதையில் ரோடு வரை தூக்கி வந்திருக்கிறீர்கள். கதவில் படுக்க வைத்தது நல்ல காரியம் என்று டாக்டர் சொன்னார். அண்ணே, இதை உங்களிடம் நேரில் சொல்ல வந்தேன். அழுகை வந்ததால் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

ஜீப் ஓட்டும் தம்பி, வேலை முடிந்து கம்பத்துக்குத் திரும்பும் பெண்களை ஏற்றிக்கொண்டு நீ புறப்பட்டிருந்தாய். செய்தி கேட்டதும் வண்டியைத் திருப்பினாய். அம்மாவைக் கிடத்த இடம் வேண்டுமென்று அந்தப் பெண்கள் எல்லாரும் மழையில் இறங்கி நின்றார்களாம். காலையிலிருந்து நனைந்த உடம்பு, வீட்டில் உலை வைக்க வேண்டிய நேரம். அடுத்த வண்டி வரும்வரை அப்படியே ரோட்டோரம் நின்றிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியாது. அக்கா, அத்தை, மதினி, உங்களில் ஒருத்தரையும் விடாமல் கும்பிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அம்மா அடிக்கடி தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். என் பாட்டி இரண்டாவது பிரசவத்தில் வலி கண்டு கிடந்தபோது இந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. போர்வையில் தூளி கட்டி, கம்பில் கோத்து, மலைப்பாதையில் கம்பத்துக்கு இறக்கினார்கள். அடிவாரம் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. அம்மாவுக்கு அப்போது 12 வயது. "தூக்க ஆளு இருந்துச்சு, கொண்டு போக எடம் இல்ல" என்றார்.

அந்த இடம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1969இல் ஜெர்மனியிலிருந்து பிரதர் ஃபோர்த்துனாத்துஸ் என்ற கத்தோலிக்கத் துறவி இங்கே வந்தார். 1918இல் பெர்லினில் பிறந்தவர், வரும்போதே ஐம்பதைத் தாண்டிய மனிதர். இடுக்கி என்று ஒரு மாவட்டமே அப்போது கிடையாது, அது 1972இல்தான் வந்தது. இடுக்கி அணை கட்டும் வேலை அவர் வந்த ஆண்டில்தான் தொடங்கியது. கேரளத்துப் பாலா பக்கத்திலிருந்து குடியேறிய விவசாயிகளும் கம்பம், போடியிலிருந்து வந்த எங்கள் ஜனங்களும் காட்டோடும் காய்ச்சலோடும் மல்லுக்கட்டிய காலம். ஒரு சின்ன டிஸ்பென்சரியாகத்தான் ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து இன்று நர்சிங் கல்லூரியும் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரியாக நிற்கிறது. வீடில்லாத ஏழைகளுக்கு வீடும் கட்டிக் கொடுத்தார். ஊர் திரும்பவில்லை. 2005 நவம்பரில் இறந்தார், கட்டப்பனையிலேயே அடக்கமானார். 2014இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை இறை ஊழியர் என்று அறிவித்தது, புனிதர் பட்டத்துக்கான வழியில் அது முதல் படி. அம்மாவுக்கு அவர் இன்றைக்கும் 'வெள்ளைக்கார பிரதர்'தான். நான் பிறந்ததும் அந்த ஆஸ்பத்திரியில்தான்.

நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, லயத்து மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். இருந்தாலும் அந்தப் பிரதர்களின் சபையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புனித இறை யோவான் பெயரால் நடக்கும் சபை அது. ஸ்பெயினில் கிரனாடா நகரத்து அரச ஆஸ்பத்திரி தீப்பிடித்தபோது உள்ளே ஓடி நோயாளிகளைச் சுமந்து வெளியே கொண்டுவந்தவர் அவர் என்கிறார்கள். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குறுதிகளைக் கத்தோலிக்கத் துறவிகள் பொதுவாகக் கொடுப்பார்கள். இந்தச் சபையில் நான்காவதாக ஒன்று உண்டு: விருந்தோம்பல். நோயாளியை விருந்தாளியாக ஏற்பது. இதைக் கேட்டதும் எனக்கு அந்த நர்சிங் மாணவிதான் நினைவுக்கு வந்தாள்.

ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் அவள் அம்மாவிடம் "வேதனையுண்டோ அம்மச்சி?" என்று கேட்டாள். மலையாளத்தில் வேதனை என்றால் வலி. அம்மாவுக்கு அது தமிழ் வேதனையாகக் காதில் விழுந்தது. என்ன கஷ்டம் என்று கேட்கிறாள் என நினைத்து, அப்பா போனது, தம்பி திருப்பூருக்குப் போய்ப் பேசாமல் இருப்பது, பென்ஷன் இல்லாதது என எல்லாவற்றையும் கொட்டினார். நான் குறுக்கிட்டுச் சொல்லப் போனேன், அவள் கையமர்த்தினாள். தமிழ் பாதிதான் புரிந்திருக்கும். அம்மாவின் கையைப் பிடித்தபடி கடைசிவரை கேட்டாள். அப்புறம் இடுப்பைத் தொட்டுக் காட்டி, "இவிடே?" என்றாள். அன்று இரவு அம்மா நன்றாகத் தூங்கினார்.

ரத்தம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகளே, உங்களுக்குக் காப்பி வாங்கித் தரக்கூட நேரம் தராமல் சவாரி இருக்கிறதென்று ஓடிவிட்டீர்கள். பில் கவுண்டரில் இருந்த சேச்சி மலையாளப் படிவங்களை வரி வரியாகத் தமிழில் சொல்லி நிரப்பிக் கொடுத்தார். எங்கள் ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், வேலையும் விழுந்ததும் கேரளத்தில். இந்த எல்லையோரத்தில் எங்கே போனாலும் அந்தப் பக்கம் போ என்பார்கள். அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை. லயத்தில் வசூல் செய்து தந்த பணத்தின் கணக்கு என் நோட்டில் பேர் பேராக இருக்கிறது. சிலர் வேண்டாம் என்றீர்கள். சரி, பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம், வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிட வாருங்கள்.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். ஒரு உதவி மட்டும் இன்னும் கேட்கிறேன். அந்த மாணவியின் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் யாராவது இதைப் படித்தால் அவளைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். "வேதனை கொறஞ்சிருச்சுன்னு பாப்பாகிட்ட சொல்லு" என்று அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.