கையெழுத்துக்கு முன் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பதோடு குடிமக்களின் பொறுப்பு முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் கிராம சபைக்கு இடம் தந்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022-இல் அறிவிக்கப்பட்ட மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டிய இந்தச் சபையில் ஊரின் ஒவ்வொரு வாக்காளரும் உறுப்பினரே.

எங்கள் ஊராட்சியில் சென்ற கூட்டத்தின்போது, வரவு செலவு படிக்கப்படும் முன்பே பதிவேட்டில் கையெழுத்து வாங்கப்பட்டது; பலர் கையெழுத்திட்ட கையோடு கிளம்பிவிட்டார்கள். கடைசி வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் எழுந்து, குடிநீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எந்தத் தேதியில் என்று கேட்டார். பதில் வரும்வரை அவர் உட்காரவில்லை. மறுவாரமே தொட்டி கழுவப்பட்டது. கழுவிய தேதி இன்று அதன் தூணில் சுண்ணாம்பால் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தூணைக் கடக்கும்போதெல்லாம், கேட்காமல் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வரவு செலவு விவரத்தை நியாய விலைக் கடை வாசலில் ஒட்டவும், தீர்மானங்களை உரக்கப் படித்த பிறகே கையெழுத்து வாங்கவும் ஊரக வளர்ச்சித் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஊராட்சி வாக்காளர் ஒருவர்