எல்லா ஃபங்ஷனுக்கும் @கம்போசபிள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்ட்ராய்டு செயலி எழுதக் கற்றுத்தரும் உங்கள் தொடரை முதல் பகுதியிலிருந்தே படித்து வருகிறேன். செயலியின் திரைகளைக் கோட்லின் மொழியிலேயே எழுத உதவும் ஜெட்பேக் கம்போஸ் பற்றித் தமிழில் இவ்வளவு பொறுமையாக யாராவது எழுத மாட்டார்களா என்று பல நாள் ஏங்கியதுண்டு. சென்ற இதழில் பெட்டிக்குள் போட்டிருந்த ஒரு வரி மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. திரை சம்பந்தப்பட்ட ஃபங்ஷன் எதுவானாலும் தலையில் @கம்போசபிள் என்ற குறிப்பை (அனோட்டேஷனை) போட்டுவிட வேண்டும் என்கிறது அது. புதிதாகக் கற்பவர்கள் கட்டுரையை மறந்தாலும் பெட்டிச் செய்தியை மறக்க மாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

@கம்போசபிள் என்பது இந்த ஃபங்ஷன் திரைக்கானது என்று ஒட்டி வைக்கிற சீட்டு இல்லை. அதைப் போட்டதும் ஃபங்ஷனின் வகையே மாறிவிடுகிறது. கோட்லினில், நடுவில் நின்று பிறகு தொடரக்கூடிய ஃபங்ஷனுக்கு சஸ்பெண்ட் போட்டால் என்ன ஆகிறதோ, கிட்டத்தட்ட அதேதான். கம்பைலர் அந்த ஃபங்ஷனுக்குள் நம் கண்ணில் படாமல் கம்போசர் என்ற கூடுதல் பாராமீட்டர் ஒன்றைச் செருகுகிறது. கூப்பிடுகிற ஃபங்ஷன் தன் கையில் இருக்கும் கம்போசரை அதற்குக் கொடுத்தாக வேண்டும். கம்போசபிளை இன்னொரு கம்போசபிளுக்குள்ளிருந்துதான் கூப்பிட முடியும் என்ற விதி இப்படித்தான் வருகிறது.

ஆக, அனோட்டேஷன் போடலாமா என்று யோசிக்கும்போது, இது திரையில் எதையாவது வரைகிறதா என்று பார்த்தால் போதாது. உடலுக்குள் வேறொரு கம்போசபிளைக் கூப்பிடுகிறதா என்று பார்க்க வேண்டும். கூப்பிட்டால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். செயலியின் நிறங்களை வைத்திருக்கும் மெட்டீரியல்தீமிலிருந்து ஒரு நிறத்தை எடுத்துத் தருகிற ஃபங்ஷன் ஒரு புள்ளிகூட வரைவதில்லை, ஆனாலும் அதற்கு @கம்போசபிள் வேண்டும். உள்ளே, ஒரு மதிப்பை நினைவில் வைத்திருக்கும் ரிமெம்பரைக் கூப்பிடுகிற ஃபங்ஷனுக்கும் அப்படித்தான். விலையோடு வரியைக் கூட்டி, திரையில் காட்டத் தோதாக வடிவமைத்துத் தருகிற ஃபங்ஷன் திரைக்காகவே எழுதப்பட்டதென்றாலும் அது சாதாரண ஃபங்ஷனாகவே இருக்கட்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு செயலியில் ஆர்டர் பட்டியல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வரியிலும் 'இன்று' அல்லது 'நேற்று' என்று வர வேண்டும், அதற்கு முந்தையது என்றால் தேதி வர வேண்டும். தேதியை வாங்கிக்கொண்டு அந்த வாசகத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை எழுதினேன். 'இன்று' என்ற சொல்லை மொழிக் கோப்பிலிருந்து எடுக்க அதற்குள் ஸ்டிரிங்ரிசோர்ஸைக் கூப்பிட்டேன். அது கம்போசபிள் என்பதால் உடனே சிவப்புக் கோடு வந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ பல்ப் படத்தைக் காட்டி, மேலே @கம்போசபிள் சேர்க்கலாம் என்றது. யோசிக்காமல் தட்டினேன். கோடு போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அதே வாசகம் நோட்டிஃபிகேஷனிலும் வேண்டும் என்று கேட்டார்கள். நோட்டிஃபிகேஷனை அனுப்புவது பின்னணியில் ஓடுகிற ஒரு வேலை, அங்கே கம்போசர் ஏது? என் ஃபங்ஷனை அங்கிருந்து தொடவே முடியவில்லை. நள்ளிரவு தாண்டியதும் 'இன்று' சரியாக 'நேற்று' ஆகிறதா என்று சோதிக்கப் போனால் அங்கேயும் அதே இடி. நான்கு வரி யூனிட் டெஸ்டில் முடிகிற வேலைக்கு திரைகளைச் சோதிப்பதற்கான கம்போஸ் டெஸ்ட் ரூலை இழுத்து வர வேண்டியிருந்தது.

கடைசியில் இரண்டாகப் பிரித்தேன். கொடுத்த தேதி இன்றா, நேற்றா, அதற்கும் முந்தையதா என்று கண்டுபிடித்து ஒரு ஈனம் (enum, அதாவது குறிப்பிட்ட சில மதிப்புகளில் ஒன்று) மதிப்பைத் தருவது சாதாரண ஃபங்ஷன். அந்த மதிப்புக்கு உரிய சொல்லைத் திரைக்காக எடுப்பது மட்டும் கம்போசபிள். நோட்டிஃபிகேஷன் தன் கான்டெக்ஸ்ட் (செயலியின் கோப்புகளை எட்ட உதவும் ஆண்ட்ராய்டு பொருள்) வழியாகச் சொல்லை எடுத்துக்கொண்டது. பிரித்து முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்த பல்பைத் தட்டுவதற்கு முன்பே பிரித்திருக்கலாம்.

வேகம் குறையும் என்று சொல்லி யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. மதிப்பைத் திருப்பித் தருகிற கம்போசபிளை, பாராமீட்டர்கள் மாறவில்லை என்பதற்காக திரையை மறுபடி கட்டும்போது கம்போஸால் தாண்டிப் போக முடியாது என்பது உண்மைதான், ஆனால் சின்ன ஃபங்ஷன்களில் அதன் செலவு பெரிதாகத் தெரியாது. எங்கிருந்தெல்லாம் அதைக் கூப்பிட முடியாமல் போகிறது என்பதுதான் பெரிய நஷ்டம்.

அனோட்டேஷன் போட்டும் பயனில்லாத இடம் ஒன்றையும் தொடரில் சொல்ல வேண்டும். பட்டனைத் தட்டும்போது ஓடும் ஆன்கிளிக்குக்குள், டயலாக் பெட்டியைக் காட்டும் கம்போசபிளான அலர்ட்டயலாகை நேராகக் கூப்பிட்டுவிட்டு, ஏன் திட்டுகிறது என்று கேட்காத புதியவரை நான் பார்த்ததில்லை. ஆன்கிளிக் ஏற்பது சாதாரண லாம்டாவை (பெயரில்லாத ஃபங்ஷனை). விரல் படும் நேரத்தில்தான் அது ஓடும், திரையைக் கட்டும் வேலை அங்கே நடப்பதில்லை. டயலாக் திறந்திருக்கிறதா என்று ஒரு ஸ்டேட் (மாறினால் திரையும் மாறுகிற மதிப்பு) வைத்து, ஆன்கிளிக்கில் அதை ட்ரூ ஆக்கினால் போதும். ட்ரூ என்றால் டயலாக்கைக் காட்டு என்பதை கம்போசபிளின் உடலில் எழுத வேண்டும். நீண்ட பட்டியலைக் காட்டும் லேசிகாலமிலும் இதே குழப்பம் வரும். அதன் வெளி லாம்டா கம்போசபிள் இல்லை, உள்ளே ஐட்டமுக்குக் கொடுக்கிற லாம்டாதான் கம்போசபிள். பட்டியலின் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து எழுதினால் அது அந்த வெளி லாம்டாவுக்குரிய வகையான லேசிலிஸ்ட்ஸ்கோப்போடு சேர்க்கும் ஃபங்ஷனாக (எக்ஸ்டென்ஷனாக), தலையில் @கம்போசபிள் இல்லாமல் இருக்க வேண்டும்.

அப்புறம் பெயர். திரையில் எதையாவது வைக்கிற, எதையும் திருப்பித் தராத கம்போசபிளுக்குப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்ச்சொல், மதிப்பைத் தருகிற கம்போசபிளுக்கு வழக்கமான கோட்லின் போலச் சிறிய எழுத்து என்பது கூகுளின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இதற்கும் இரண்டு வரி ஒதுக்கினால், பெயரைப் பார்த்தே எது எந்த வகை என்று புரியும்.

அடுத்த பகுதியில் ஸ்டேட் பற்றி வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதைத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பெட்டிச் செய்தியைத் திருத்தி ஒருமுறை போட்டுவிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலி எழுதும் வாசகர் ஒருவர்